அச்சுவேலி மாட்டுக்கொட்டில்: ஈசான மூலைச் சீற் ஏன் கிளம்பியது?

2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. யாழ்ப்பாணத்துக்கு அதன் ஓரம்தான் பட்டது என்றாலும் மழை விடாமல் கொட்டியது, காற்றும் சும்மா இருக்கவில்லை. அச்சுவேலிப் பக்கம் ஒரு மாட்டுக்கொட்டிலின் வடகிழக்கு மூலைச் சீற்றுகள், அதாவது கூரைத் தகடுகள், அந்தக் காற்றில் கிளம்பின. இரண்டு சீற் பக்கத்து வாழைத்தோட்டத்துக்குள் போய் விழுந்தன. இன்னும் இரண்டு, முகட்டுப் பக்கம் மட்டும் பிடித்தபடி மடிந்து தொங்கின. நல்லகாலம், மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூரை போட்டு இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

"தகரம் மெல்லிசு தம்பி. அந்தக் காலத்துத் தகரம் எண்டால் இப்பிடிப் பறந்திருக்குமே?" என்றார் கொட்டில்காரர். ஊரில் பாதிப் பேர் சொல்வதும் அதுதான். மற்றப் பாதிப் பேர் காற்றைத் திட்டுவார்கள். வாழைக்குள் கிடந்த சீற்றைத் தூக்கித் திருப்பிப் பார்த்தபோது இரண்டு காரணமும் நிற்கவில்லை. சீற் கிழியவில்லை. அன்றைய காற்றில் அயலில் இருந்த பழைய தகரக் கொட்டில்கள் அப்படியே நின்றன. அப்படியானால் பிழை பிடிமானத்தில். ஸ்குரூ எங்கே இறங்கியது, எதைக் கடித்தது, எவ்வளவு இறுகியது என்ற கேள்விகளுக்குப் பதில் தேடிப் போனதுதான் இந்த ஆய்வு.

கொட்டிலும் காற்றும்

கொட்டில் 40 அடி நீளம், 20 அடி அகலம். நீளவாக்கு கிழக்கு மேற்கு, முகடும் அப்படியே. வெயில் உள்ளே நுழையும் நேரம் குறையும் என்பதால் மாட்டுக்கொட்டிலுக்கு அது நல்ல திசை. கொங்கிறீற் தூண், மேலே பனை வளை, அதன்மேல் பனங்கைமரம், கைமரத்துக்குக் குறுக்கே பனஞ்சிலாகை. அந்தக் குறுக்குச் சிலாகையில்தான் சீற் உட்காருகிறது. ஒவ்வொரு பக்கச் சரிவுக்கும் 12 அடிச் சீற். சரிவுக்கு மூன்றே மூன்று சிலாகை வரிசை: முகட்டுக்குக் கிட்ட ஒன்று, அங்கிருந்து 5 அடியில் அடுத்தது, இன்னும் 5 அடியில் மூன்றாவது. அதற்குக் கீழே ஒன்றரை அடிச் சீற் எந்த மரமும் இல்லாமல் தாவாரமாக நீட்டிக்கொண்டிருந்தது. சீற் 0.47 மி.மீ. தடிப்பு. உருக்கின்மேல் நாகமும் அலுமினியமும் கலந்த பூச்சு, அதற்குமேல் பெயின்ற். மேடுகள் ஏறக்குறைய 28 மி.மீ. உயரம், மேட்டுக்கு மேடு 20 செ.மீ. இந்தக் கொட்டிலுக்கு இந்தச் சீற் தாராளம்.

மேற்கிலும் தெற்கிலும் சீமெந்துக்கல் சுவர். வைகாசியிலிருந்து மாதக்கணக்காகத் தென்மேற்கால் அடிக்கும் சோளகக் காற்றையும் அது அள்ளிவரும் செம்மண் புழுதியையும் மறிக்கக் கட்டியது. வடக்கும் கிழக்கும் திறந்தபடி. சோளகத்துக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் வடக்கே நாம் பயப்பட வேண்டிய புயல்கள் சோளக காலத்தில் வருவதில்லை, கார்த்திகை மார்கழியில் வருகின்றன. புரெவியின் மையம் யாழ்ப்பாணத்துக்குத் தெற்கால் மேற்கு நோக்கிப் போனது. நம் பக்கத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும் என்பதால், மையத்துக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் காற்று கிழக்கு, வடகிழக்கிலிருந்து அடிக்கும். அதாவது திறந்திருந்த பக்கத்தால் நேரே உள்ளே. உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை, இரண்டு சுவரும் மறிக்கின்றன. அது கூரையைக் கீழிருந்து மேலே தள்ளுகிறது. அதே நேரம் கூரைக்கு மேலால் ஓடும் காற்று சீற்றை மேலே இழுக்கிறது. இந்த இழுப்பு கூரையின் நடுவில் குறைவு, விளிம்பில் கூட, காற்றுக்கு எதிரே நிற்கும் மூலையில் எல்லாவற்றையும்விடக் கூட. ஈசான மூலை போனதற்குக் காரணம் இந்த இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்ததுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றின் வேகத்தைச் செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்று எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.6 ஆல் பெருக்கினால் காற்றழுத்தம் பாஸ்கலில் வரும். மணிக்கு 60 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு ஏறக்குறைய 16.7 மீற்றர், அழுத்தம் 167 பாஸ்கல். மூலையில் மேல் இழுப்பும் உள் தள்ளலும் சேர்ந்தால் அதன் இரண்டரை மடங்குவரை போகலாம். சதுர மீற்றருக்கு 40 கிலோவுக்குச் சற்று மேல். வேகம் மணிக்கு 90 கிலோமீற்றர் ஆனால் அதே இடத்தில் 95 கிலோ. வேகம் ஒன்றரை மடங்கு, இழுப்பு இரண்டேகால் மடங்கு. இந்தச் சீற்றின் சொந்த எடை சதுர மீற்றருக்கு 4, 5 கிலோ மட்டும். இன்னும் கொஞ்சம் தடித்த சீற் வாங்கினால் ஒரு கிலோ கூடலாம், அவ்வளவுதான். எடையால் நிற்கும் கூரை இல்லை இது. ஒவ்வொரு ஸ்குரூவும் தன் பங்கை இழுத்துப் பிடித்தால்தான் நிற்கும்.

இங்கே ஒரு ஸ்குரூவின் பங்கு அரைச் சதுர மீற்றருக்கு மேல். 5 அடிக்கு ஒரு சிலாகை, சிலாகையில் ஒன்றுவிட்டு ஒரு பள்ளத்தில் ஒரு ஸ்குரூ என்று போட்டால் அப்படித்தான் வரும். ஆக 60 கிலோமீற்றர்க் காற்றுக்கே ஒரு ஸ்குரூ 20 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும், 90 என்றால் 50 கிலோவுக்கு மேல். நல்ல மரத்தில் ஒழுங்காக இறங்கிய ஸ்குரூவுக்கு இது பெரிய பாரம் இல்லை.

கழன்ற ஸ்குரூ சொன்னது

சீற் கிளம்புவதற்கு மூன்று வழிதான் உண்டு. ஸ்குரூவின் தலை சீற்றைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகலாம், அப்போது ஓட்டை நட்சத்திரமாக வெடித்திருக்கும். ஸ்குரூவே முறியலாம், அப்போது பாதி மரத்தில் இருக்கும். அல்லது ஸ்குரூ மரத்தை விட்டு முழுசாக வெளியே வரலாம். கூரை பறந்த இடத்துக்குப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஆனால் பெரும்பாலும் யாராவது அதற்கு முன்பே சீற்றை அடுக்கிவைத்து, ஸ்குரூவைப் பொறுக்கிப் பழைய பால்மா ரின்னில் போட்டிருப்பார்கள். இங்கே வாழைத்தோட்டக்காரர் சீற்றைத் தொடாமல் விட்டிருந்தார், புண்ணியம்.

ஓட்டைகள் வட்டமாகவே இருந்தன. ஸ்குரூக்கள் வாசரோடு (தலைக்குக் கீழே வரும் றப்பர் வைத்த தகட்டு வளையம்) சீற்றிலேயே செருகியபடி. முறிந்தது ஒன்றுமில்லை. புரிகளுக்கு நடுவே ஈரக் கோப்பித்தூள் போல மண்ணிறமாக ஏதோ அடைந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் நார் நாராக வந்தது. பனஞ்சோறு.

பனை மரத்தை அறுத்துப் பழகியவர்களுக்கு இது விளங்கும். பனைக்கு வைரம் வெளிப்பக்கம், பட்டைக்கு அடுத்தாற்போல. கறுத்த நார் நெருக்கமாக ஓடும் பகுதி அது. ஆணி வளையும், அலகு மழுங்கும். உள்ளே போகப் போக நார் ஐதாகி, நடுவில் வெறும் சோறு. மரத்தைப் பிளந்து சிலாகை எடுத்தால் ஒரு முகம் வைரமாகவும் எதிர் முகம் சோறு கலந்ததாகவும் வரும். இந்தக் கொட்டிலில் கிளம்பிய மூலையில் சிலாகைகள் சோற்று முகம் மேலே பார்க்கக் கிடந்தன. போட்டவர் வேணுமென்று செய்திருக்கமாட்டார். சோற்று முகத்தில் ஸ்குரூ தடையில்லாமல் இறங்கும், வேலை ஓடும். வைர முகத்தில் முதலில் துளை போட வேண்டும், போடாவிட்டால் ஸ்குரூவின் கழுத்து முறியும்.

சோற்றுப் பக்கம் மேலே இருந்தால் என்ன என்று நம் ஆட்கள் யோசிக்காததற்கு ஒரு காரணம் உண்டு. ஓலைக் கூரையில் கயிறு மரத்தைச் சுற்றி வரும், மரத்தின் எந்த முகம் எங்கே பார்த்தாலும் கட்டு கட்டுத்தான். ஓட்டுக் கூரை எடையால் அமர்ந்திருக்கும், மரத்துக்கு வருவது கீழ்நோக்கிய பாரம். இரண்டு கூரையிலும் பனை காலங்காலமாக நின்று பேர் வாங்கிய மரம். சீற் வந்த பிறகுதான் மரத்தின் மேல்முகத்தில் ஓர் அங்குல ஆழத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கூரை முழுக்கத் தொங்குகிறது. பழைய பழக்கத்தில் இதற்கு இடமே இல்லை. போட்டவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராததற்கும் அதுதான் காரணம்.

ஓர் அங்குலம் என்று சும்மா சொல்லவில்லை. போட்டிருந்த ஸ்குரூவின் நீளமே அவ்வளவுதான். அதுவும் உருக்குச் சட்டத்துக்கு உரிய வகை. நுனியைப் பார்த்தாலே தெரியும்: சின்ன ட்ரில் அலகு போலத் தட்டையாக வெட்டியிருக்கும், புரி நெருக்கமாக இருக்கும். பொக்ஸ் பாரில், அதாவது உள்ளே வெறுமையான சதுர உருக்குச் சட்டத்தில், அந்த நுனி தானே துளைத்துக்கொண்டு போகும், நெருங்கிய புரி உருக்குத் தகட்டைக் கடிக்கும். மரத்தில் அதே நுனி தேவைக்கு மேல் பெரிய ஓட்டை போட்டு நாரை வெளியே தள்ளிவிடும், பின்னால் வரும் புரிக்குக் கடிக்க ஒன்றும் மிஞ்சாது. மரத்துக்கான ஸ்குரூவில் நுனி ஊசிக்கூராக, ஒரு பக்கம் வெட்டுவாயோடு இருக்கும். புரிகள் அகலமாகத் தள்ளித் தள்ளி இருக்கும். ஹார்ட்வெயார் கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில், ஒரே தலை, ஒரே நிறம். "சீற் ஸ்குரூ தாங்கோ" என்று கேட்டால் கைக்கு வருவதைத் தருவார்கள்.

பறக்காத பக்கத்திலும் பார்த்தோம். சோற்று முகத்தில் இறங்கிய ஸ்குரூக்களைச் சுத்தியலின் பின்பக்கத்தைக் கொடுத்து நெம்பினால் முனகாமல் வந்தன. சிலவற்றை விரலால் ஆட்டவே முடிந்தது. தற்செயலாக வைர முகம் மேலே பார்த்த சிலாகையில் அதே ஒரு அங்குல ஸ்குரூ, அதே பிழையான நுனி, ஆனாலும் அலவாங்கு போட்டும் இலேசில் வரவில்லை. மூன்று பிழையில் மூத்தது எது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

உலோகக் கூரையும் புயலும் என்று பேச்சு வந்தால் 1974 டிசம்பர் 25 அன்று அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரை அடித்த ட்ரேசி புயலைச் சொல்வார்கள். அங்கே ஆய்ந்தவர்கள் கண்டது வேறு விதமான பிழை: காற்று சீற்றை மணிக்கணக்காக மேலும் கீழும் அடிக்க, ஸ்குரூ ஓட்டையைச் சுற்றித் தகடு களைத்து வெடித்தது. பிறகுதான் புயல் பிரதேசங்களில் ஸ்குரூவுக்குக் கீழே அகலமான தகட்டு வாசர் போடும் வழக்கம் வந்தது. அதைக் கேள்விப்பட்டவர்கள் இங்கேயும் பெரிய வாசர் போட்டால் போதும் என்கிறார்கள். அச்சுவேலியில் தகடு களைக்கும் கட்டத்துக்கே போகவில்லை, அதற்கு முன்பே மரம் கைவிட்டுவிட்டது. பெரிய வாசர் போட்டிருந்தால் பெரிய வாசரோடு பறந்திருக்கும்.

ஒழுக்கு வேறு கதை

சீற் பறப்பதற்கு முன்பே கூரை ஒழுகியது. முதல் மாரியிலேயே சொட்டுச் சொட்டாக. கொட்டில்காரர் தார் காய்ச்சி, துணி வைத்துப் பூசியிருந்தார். தார் வெயிலில் வெடித்து, வெடிப்புக்குள் தண்ணீர் தங்கி, அந்த இடங்களில் பெயின்ற் உப்பியிருந்தது. ஒழுக்கும் பறப்பும் ஒரே வியாதி என்றுதான் அவர் நினைத்தார். இல்லை. ஒழுகிய ஸ்குரூக்களில் பல நன்றாகப் பிடித்திருந்தன.

மேட்டில் அடிப்பதா, பள்ளத்தில் அடிப்பதா என்ற பழைய வழக்கு இங்கேதான் வருகிறது. அமெரிக்கப் பண்ணைக் கொட்டில்களில் மேட்டுக்குப் பக்கத்துத் தட்டையில் அடிக்கிறார்கள். சீற் அங்கே நேராக மரத்தில் உட்காருகிறது, வாசர் சரியாக நசியும், மேடு நசுங்காது, குட்டை ஸ்குரூவே போதும். அவுஸ்திரேலியாவில் கூரைக்கு மேட்டில், சுவருக்குப் பள்ளத்தில். மழைத் தண்ணீர் பள்ளத்தால் ஓடும்போது ஓட்டை மேட்டில் இருந்தால், வாசர் கெட்டாலும் ஒழுக்கு குறைவு என்பது அவர்கள் நியாயம். இரண்டு பக்கமும் அனுபவத்தோடுதான் பேசுகிறார்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றது மடத்தனம் என்று சண்டை போடுவதில் பயனில்லை.

என்னைக் கேட்டால், நமக்கு மேடு. வருட மழையின் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வருகிறது, அதுவும் சில நாளில் ஒரே கொட்டாகக் கொட்டும். பள்ளம் முழுக்கத் தண்ணீர் ஓடும்போது அங்கே இருக்கும் ஒவ்வொரு வாசரும் பிழையில்லாமல் இருக்க வேண்டும். மிச்ச மாதமெல்லாம் அதே வாசரை வெயில் காய்ச்சும். நல்ல வாசருக்கு இது சரி. மலிவு வாசர் இரண்டு மூன்று வருடத்தில் ஓரம் வெடிக்கிறது. இந்தக் கூரையில் வெடித்தவை கொஞ்சம்தான். கூடுதலாகக் கண்டது இறுக்கப் பிழை. சிலவற்றில் றப்பர் தகட்டு வாசருக்கு வெளியே பிதுங்கி, ஒரு பக்கம் அறுந்தே போயிருந்தது. வேறு சில சாய்வாக இறங்கி, ஒரு பக்கம் நசிந்து மறுபக்கம் வாயைத் திறந்திருந்தன. பற்றரி ட்ரில்லை முழு வேகத்தில் வைத்து, நின்ற இடத்திலிருந்து எட்டி எட்டி அடித்தால் இப்படித்தான் வரும். றப்பர் தகட்டு வாசரின் விளிம்போடு மட்டமாக, மயிரளவு வெளியே தெரியும்போது நிறுத்த வேண்டும். தலை சீற்றுக்குச் செங்குத்தாக உட்கார வேண்டும், கூரை சரிவாக இருக்கிறது என்பதை மறந்து நிலத்துக்குச் செங்குத்தாக அடிக்கிறவர்கள் ஏராளம்.

இன்னொன்று, மேற்குச் சுவர் கூரையைத் தொடும் இடத்தில் சீற்றின்மேல் சீமெந்துச் சாந்து பூசியிருந்தார்கள். ஓட்டுக் கூரையில் முகட்டோட்டுக்குச் சாந்து வைக்கும் பழக்கம் கைவிட்டுப் போகவில்லை. அலுமினியம் கலந்த பூச்சுக்குச் சீமெந்தின் காரம் ஆகாது. சாந்தைத் தட்டியபோது அடியில் பூச்சு வெளிறி, கறள் தொடங்கியிருந்தது. தகட்டை மடித்துப் போடும் இடம் அது, சாந்து வைக்கும் இடமில்லை.

திருத்தம்

2021 மாசி கடைசியில் வேலை தொடங்கியது. வடகிழக்கு வாடைக் காற்று ஓய்ந்து, சோளகம் கிளம்புவதற்கு முந்திய இடைவெளி அது. சீற்றைத் தூக்கிக் கூரையில் ஏற்றக் காற்றில்லாத காலை நேரமே போதும்.

பனையை விட்டுவிட்டு முழுக்கப் பொக்ஸ் பாருக்கு மாறலாம் என்றார் வெல்டிங் வேலைக்கு வந்த தம்பி. நான் வேண்டாம் என்றேன். சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் மெல்லிய பொக்ஸ் பாரில் ஸ்குரூ பிடிப்பது தகட்டின் தடிப்பை மட்டும்தான், ஒன்றிரண்டு புரிக்கு மேல் கடிக்காது. அதோடு மாட்டுக்கொட்டில். மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா விடியப்புறத்துப் பனியோடு சேர்ந்து உருக்கைத் தின்னும். வைரப் பனைக்கு அந்தப் பயம் இல்லை. கொட்டில்காரருக்கும் கையில் காசு குறைவு.

ஆகவே பழைய சிலாகைகளைக் கழற்றி, நல்லதைத் தெரிந்து, எல்லாவற்றையும் வைர முகம் மேலே வரப் புரட்டிப் போட்டோம். 5 அடி இடைவெளிக்கு நடுவே புதிய வரிசை சேர்த்தோம், ஒவ்வொன்றும் இப்போது இரண்டரை அடி. தாவார ஓரத்துக்கு அரை அடி உள்ளே இன்னொரு வரிசை. அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒன்றரை அடி அத்தோடு தீர்ந்தது. கூடுதல் சிலாகை இடிபட்ட ஒரு பழைய ஓட்டு வீட்டிலிருந்து வந்தது. காய்ந்து கறுத்த பனை, புதிதாக அறுத்ததைவிட நம்பலாம், முறுகாது. ஆனால் அதில் துளை போட்ட தம்பி அலகுக்கு மேல் அலகு மாற்றி என்னைத் திட்டித் தீர்த்தார்.

சிலாகையை இறுக்கினால் காற்று அடுத்த இணைப்பைத் தேடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிலாகை கைமரத்தில் நாலங்குல ஆணியால்தான் நின்றது, ஆணி மேலிழுப்புக்கு நம்பிக்கையான ஆள் இல்லை. நாலு மூலையிலும், திறந்த பக்கங்கள் முழுக்கவும், நட்-போல்ட்டும் நாகம் பூசிய பட்டியும் போட்டு, சிலாகையைக் கைமரத்தோடும், கைமரத்தை வளையோடும், வளையைத் தூண் கம்பியோடும் கட்டினோம். இதைச் செய்யாமல் ஸ்குரூவை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த முறை சீற் தனியாகப் போகாமல் சிலாகையோடு சேர்ந்து போகும்.

ஸ்குரூ, மரத்துக்கான நுனி, 12 நம்பர், 65 மி.மீ. மேட்டின் உயரம் 28 போனால் மரத்துக்குள் 37 மி.மீ. இறங்கும், அதுவும் வைரத்துக்குள். ஒவ்வொன்றுக்கும் முதலில் 4 மி.மீ. துளை. தாவாரம், முகடு, இரண்டு முக்கோணப் பக்க ஓரம் ஆகிய இடங்களில் எல்லா மேட்டிலும் ஒன்று, நடுவில் ஒன்றுவிட்டு ஒரு மேட்டில். மேட்டில் அடிக்கும்போது கீழே தாங்கல் இல்லை, வெற்றிடம்தான். கொஞ்சம் கூட இறுக்கினால் மேடு குழிந்து, தண்ணீர் தங்கும் சின்னக் கிண்ணமாகிவிடும். ட்ரில்லின் கிளச்சைக் குறைத்து வைத்து, கடைசிச் சுற்றுகளைக் கையால் முடிக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தார்கள், ஆனால் செய்தார்கள்.

பழைய சீற்றில் பள்ளத்து ஓட்டைகள் இருந்தன அல்லவா, அவற்றை என்ன செய்வது? நாலு சீற் மட்டும் புதிது வாங்கினோம், மற்றவற்றை எறிய மனமில்லை. மூன்று பழைய வரிசையிலும் ஓட்டைக்குக் கீழே மரம் இருக்கிறது. அங்கே அதே ஓட்டையில் 14 நம்பர் ஸ்குரூ, அகன்ற புதிய வாசரோடு. பழைய 12 நம்பரின் 5.5 மி.மீ. ஓட்டையில் 6.3 மி.மீ. இறங்கும்போது மரத்திலும் புதிதாகக் கடிக்கும். ஆக அந்த வரிசைகளில் மேட்டிலும் ஸ்குரூ, பள்ளத்திலும் ஸ்குரூ. புத்தகப்படி பார்ப்பவர்கள் முகம் சுளிக்கலாம். சரி, சுளிக்கட்டும். ஓட்டையைச் சிலிக்கனால் மூடிவிட்டுப் போவதைவிட இது நின்று பிடிக்கும்.

பக்க மடிப்பின் திசையையும் மாற்றினோம். முன்பு கிழக்கிலிருந்து சீற் அடுக்கத் தொடங்கியிருந்தார்கள், அதனால் மேல் சீற்றின் விளிம்பு கிழக்கைப் பார்த்து, வாடை மழைக்கு வாயைக் காட்டிக்கொண்டிருந்தது. மேற்கு ஓரத்திலிருந்து தொடங்கினால் கிழக்குச் சீற் மேலே வரும், விளிம்பு காற்றுக்கு முதுகு காட்டும். மடிப்புக்குள் தண்ணீர் புகாமல் ஒட்டும் பியூட்டைல் றப்பர் டேப். முதல் சீற்றுக்கு நூல் பிடித்து, 3-4-5 அளவு முக்கோணக் கணக்கில் மூலைமட்டம் பார்த்தோம். அது பிசகினால் தாவாரம் வாள்பல்லாக வந்து முடியும், பிறகு திருத்த வழியில்லை. வேலை முடிந்த அன்றே ட்ரில் சீவலைக் கூட்டித் தள்ளினோம். ஓர் இரவு மழை பட்டால் அவ்வளவும் கறள் புள்ளியாகிவிடும்.

இரண்டு யோசனைகளைத் தட்டிக்கழிக்க வேண்டியிருந்தது. அயலவர் ஒருவர் பழைய தகரத்துக்குப் போடுவது போல ஈய வாசர் போடச் சொன்னார். வெறும் நாகம் பூசிய பழைய தகரத்தில் ஈயம் காலங்காலமாக இருந்ததுதான், ஆனால் அலுமினியம் கலந்த பூச்சோடு அது ஒத்துப்போகாது. ஈயம் தொடும் இடத்தில் பூச்சு அரிக்கும். இன்னொருவர் கடற்காற்றுக்குத் துருப்பிடிக்காத உருக்கு ஸ்குரூதான் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உப்பீரம் சேரும்போது அந்த ஸ்குரூ கெடாமல் இருந்து சுற்றியிருக்கும் பூச்சைக் கெடுக்கும், ஸ்குரூ மின்னும், சீற்றில் வளையமாகக் கறள் வரும். கடலோரத்துக்கென்று கூடுதல் பூச்சோடு வரும் ஸ்குரூவையே வாங்கினோம்.

பிறகு

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் இலங்கையின் கிழக்குக் கரையோரமாக மேலேறிப் போனபோது யாழ்ப்பாணம் வெள்ளத்தில் நின்றது. மழை விட்ட பிறகு கொட்டிலைப் போய்ப் பார்த்தேன். கூரை அசையவில்லை. ஈசான மூலையில் ஒவ்வொரு ஸ்குரூவாகத் திருகிப் பார்த்தோம், எல்லாம் இறுக்கம். ஒழுக்கு ஓரிடத்தில் இருந்தது, 14 நம்பர் போட்ட பள்ளத்து ஓட்டை ஒன்றில். பழைய ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்ததைக் கவனிக்காமல் ஸ்குரூ போட்டிருந்தார்கள், வாசர் அதை முழுதாக மூடவில்லை. 12 அடிச் சீற் இரவுக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் நடுவே 40 பாகை சூடேறினால் ஒன்றே முக்கால் மி.மீ. நீளும், பிடிப்பு தளர்ந்த ஸ்குரூவைச் சுற்றி அந்த ஓட்டம் தினமும் அராவிக்கொண்டேயிருக்கும். அந்த ஓட்டையின்மேல் பியூட்டைல் டேப்போடு சின்னத் தகடு வைத்து றிவெற் அடித்தோம்.

தீராமல் இருப்பது கீழ்ப்பக்கம். மாடு கட்டும் வரிசைக்கு மேலே, மூத்திர வாய்க்கால் ஓடும் நீளத்துக்குச் சீற்றின் அடிப் பெயின்ற் கொப்பளிக்கத் தொடங்கியிருக்கிறது. சிலாகையைக் கட்டிய பட்டிகளும் அந்த இடத்தில் வெள்ளை பூத்திருக்கின்றன. கொட்டில்காரர் வாய்க்காலைக் காலையில் மட்டும் கழுவுகிறார். "அண்ணை, பின்னேரமும் ஒருக்கால் தண்ணி அடிச்சு விடுங்கோ" என்று சொல்லியிருக்கிறேன். தெற்குச் சுவரின் மேல் இரண்டு வரிக் கல்லை எடுத்துவிட்டால் ஆவி வெளியேறும், வாடை காலத்தில் உள்ளே புகும் காற்றுக்கும் வழி கிடைக்கும். சோளகப் புழுதி வரும் என்று அவருக்கு அதில் இஷ்டமில்லை. ஒரு வரி எடுக்கச் சம்மதித்திருக்கிறார். வெள்ளை பூத்த பட்டிகளை அடுத்த மாரிக்கு முன் மாற்ற வேண்டும்.